எண்ணுவது தெரியாமல் போட்ட ஓட்டு

1997 நவம்பர் நிலவரம் இது. அன்று முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளிடம் அவற்றின் சொந்தப் பெயரையே கொடுத்துத் தேடினால், ஒன்றே ஒன்றுதான் தன்னை முதல் பத்து முடிவுகளுக்குள் காட்டியது. மற்ற மூன்றுக்கும் சொந்த வீட்டு வாசலே தெரியவில்லை. இதைக் கவனித்துத் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவைத்தவர்கள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும். அடுத்த ஆண்டே இருவரும் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அந்த மூன்று தேடுபொறிகளும் பக்கங்களைத் திரட்டுவதில் குறை வைக்கவில்லை. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியும். அந்தச் சொல் இருக்கிற பல்லாயிரம் பக்கங்களில் எது முக்கியம் என்பதுதான் தெரியவில்லை. அதற்கு பேஜும் பிரின்னும் கண்ட வழி எளிமையானது: ஒரு பக்கம் முக்கியமா என்று அந்தப் பக்கத்திடமே கேட்காதே, அதைச் சுட்டுகிற மற்றப் பக்கங்களிடம் கேள்.

சொல்லை எண்ணிய காலம்

எந்தத் தேடுபொறிக்கும் மூன்று வேலைகள். முதலில், இணையத்தில் இருக்கும் பக்கங்களை ஒரு நிரல் ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கும். ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம், அங்கிருந்து அதற்கடுத்தது என்று ஊர்ந்துகொண்டே போகும். இரண்டாவது, படித்ததை எல்லாம் ஒரு மாபெரும் சொல்லடைவாக ஆக்குவது. புத்தகத்தின் கடைசியில் 'இந்தச் சொல் இந்தப் பக்கங்களில்' என்று போட்டிருப்பார்களே, அதே வேலைதான். மூன்றாவது, நாம் ஒன்றைத் தேடும்போது சொல்லடைவில் அகப்பட்ட பக்கங்களை வரிசைப்படுத்துவது.

முதல் இரண்டும் உழைப்பு. மூன்றாவது தீர்ப்பு. ஆரம்பகாலத் தேடுபொறிகள் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் பக்கத்தின் உள்ளே இருப்பதை வைத்தே சொல்லின. தேடிய சொல் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா, தொடக்கத்திலேயே வருகிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டன. ஏமாற்றுகிறவர்களுக்கு இது போதாதா? ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். வாசகர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கணினிக்கு எல்லாம் தெரியும். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பினால் இதுதான் நடக்கும்.

இன்னொரு வழியும் இருந்தது. 1994-இல் ஸ்டான்ஃபோர்டின் இன்னும் இரண்டு மாணவர்கள், ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும், யாஹூவைத் தொடங்கியிருந்தார்கள். அங்கே மனிதர்களே தளங்களைப் பார்த்து, துறைவாரியாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். தரம் நன்றாக இருந்தது. ஆனால் நாள்தோறும் பெருகுகிற இணையத்தை ஆள் வைத்துப் பட்டியலிட்டு மாளுமா?

அடிக்குறிப்பிலிருந்து வந்த யோசனை

ஒரு ஆய்வுக் கட்டுரையை எழுதுகிறவர் தனக்கு உதவிய பழைய கட்டுரைகளை அடிக்குறிப்பில் காட்டுவார். ஒரு கட்டுரையைப் பலர் அப்படிக் காட்டியிருந்தால் அது கவனிக்க வேண்டியது என்று அர்த்தம். அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் இதை முறையாக எண்ணத் தொடங்கி, 1960-களில் அறிவியல் மேற்கோள்களுக்கென்றே ஒரு அடைவை வெளியிட்டார். 1976-இல் கேப்ரியல் பின்ஸ்கியும் ஃபிரான்சிஸ் நரினும் இன்னொரு படி மேலே போனார்கள்: எத்தனை மேற்கோள் என்பதோடு, அந்த மேற்கோள் எந்த இதழிலிருந்து வருகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், செல்வாக்குள்ள இதழின் மேற்கோளுக்கு எடை கூட என்றார்கள்.

இணையப் பக்கத்தில் இருக்கும் இணைப்பும், அதாவது நாம் பேச்சில் 'லிங்க்' என்று சொல்வதும், ஏறத்தாழ ஓர் அடிக்குறிப்புதானே? 'இதைப் பற்றி மேலும் அறிய அங்கே போய்ப் பாருங்கள்' என்று ஒருவர் கை காட்டுகிறார். அவர் யாருக்கும் ஓட்டுப் போடுவதாக நினைக்கவில்லை. வாசகருக்கு உதவுகிறார், அவ்வளவுதான். ஆனால் லட்சக்கணக்கான பேர் இப்படிக் கை காட்டியதை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு தேர்தல் முடிவுபோல் ஆகிவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கை காட்டுகிறவருக்கு, தான் யாரைக் காட்டுகிறோம் என்று தெரியும். காட்டப்பட்டவருக்கு, தன்னை யாரெல்லாம் காட்டுகிறார்கள் என்று தெரியாது. இணையத்தின் இணைப்புகள் ஒருவழிப் பாதைகள். ஒரு பக்கத்தை நோக்கி வரும் இணைப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், மற்ற எல்லாப் பக்கங்களையும் படித்து, அவை காட்டும் திசைகளைத் தலைகீழாகத் திருப்பி அடுக்க வேண்டும். 1996-இல் ஸ்டான்ஃபோர்டில் பேஜ் தொடங்கிய வேலை இதுதான். பின்னிருந்து வரும் இணைப்புகளைத் தேடியதால் அந்தத் திட்டத்துக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'பேக்ரப்'. அதிலிருந்து பிறந்த கணக்குக்கு 'பேஜ்ரேங்க்' என்று பெயர். பக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் லாரியின் குடும்பப் பெயரும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

தலையை மட்டும் எண்ணினால் போதாது

வரும் இணைப்புகளை எண்ணி, அதிகம் உள்ளவரை முதலில் நிறுத்தினால் என்ன? ஒரே ஆள் ஆயிரம் வெற்றுப் பக்கங்களை உருவாக்கி, எல்லாவற்றிலிருந்தும் தன் கடைக்கே இணைப்புக் கொடுத்துக்கொள்வார். கள்ள ஓட்டு.

சிபாரிசுக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். வேலை கேட்டு வருகிற பையனின் கையில் பத்துக் கடிதங்கள் இருக்கின்றன. எழுதியவர்கள் யாரென்றே தெரியாது. இன்னொரு பையனிடம் ஒரே கடிதம். எழுதியவர் அந்தத் துறையில் எல்லோரும் மதிக்கிற பேராசிரியர். எது எடை கூடியது என்று சொல்லத் தேவையில்லை. இது முதல் விதி: சிபாரிசின் மதிப்பு, சிபாரிசு செய்கிறவரின் மதிப்பைப் பொறுத்தது.

அதே பேராசிரியர் வகுப்பில் இருக்கும் அறுபது பேருக்கும் கடிதம் கொடுத்திருக்கிறார் என்று பிறகு தெரியவருகிறது. கடிதத்தின் மதிப்பு அப்போதே இறங்கிவிடும். இது இரண்டாம் விதி: ஒரு பக்கம் தன் மதிப்பை, தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒருவரை மட்டும் சுட்டினால் முழுதும் அவருக்கு. நூறு பேரைச் சுட்டினால் ஆளுக்கு நூறில் ஒன்று.

இந்த இரண்டும் சேர்ந்ததும் ஒரு சுழல் வந்துவிடுகிறது. என் மதிப்பு தெரிய வேண்டுமானால் என்னைச் சுட்டுகிறவரின் மதிப்பு தெரிய வேண்டும். அவர் மதிப்பு தெரிய, அவரைச் சுட்டுகிறவரின் மதிப்பு. அப்படியே போனால் எங்கோ ஒரு மூலையில் நானே வந்து நிற்பேன். கோழி முதலா, முட்டை முதலா?

நான்கு பக்கங்களில் ஒரு கணக்கு

சுழலை அவிழ்க்கும் வழி வியப்பளிக்கும் அளவுக்குச் சாதாரணமானது. எல்லோருக்கும் சம மதிப்பெண் கொடுத்துத் தொடங்கு, பங்கிடு, வந்ததை வைத்து மறுபடி பங்கிடு, எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்.

மாடித்தோட்டம் பற்றி நான்கே பக்கங்கள் உள்ள ஒரு குட்டி இணையத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர்கள்: விதை, மண், நீர், பூச்சி. 'விதை' பக்கம், 'மண்', 'நீர்' இரண்டையும் சுட்டுகிறது. 'நீர்', 'மண்'ணைச் சுட்டுகிறது. 'பூச்சி'யும் 'மண்'ணையே சுட்டுகிறது. 'மண்', 'விதை'யை மட்டும் சுட்டுகிறது. 'பூச்சி'யைச் சுட்டுவார் யாருமில்லை.

மொத்தம் 100 மதிப்பெண். ஆளுக்கு 25 கொடுத்துத் தொடங்குகிறோம்.

முதல் சுற்று: 'விதை' தன் 25-ஐ இரண்டாகப் பிரித்து 'மண்'ணுக்கு 12.5, 'நீர்'க்கு 12.5 தருகிறது. 'நீர்' தன் 25-ஐ 'மண்'ணுக்குத் தருகிறது, 'பூச்சி'யும் அப்படியே. 'மண்' தன் 25-ஐ 'விதை'க்குத் தருகிறது. இப்போது மண் 62.5, விதை 25, நீர் 12.5, பூச்சி 0.

இரண்டாம் சுற்று: விதை 62.5, மண் 25, நீர் 12.5. மூன்றாம் சுற்று: மண் 43.75, நீர் 31.25, விதை 25. நான்காம் சுற்று: விதை 43.75, மண் 43.75, நீர் 12.5.

முதலில் எண்கள் ஊஞ்சல்போல் ஆடுகின்றன. சுற்றுகள் கூடக்கூட ஆட்டம் குறைந்து, கடைசியில் விதை 40, மண் 40, நீர் 20, பூச்சி 0 என்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. சரிபார்த்துக்கொள்ளலாம்: 40 வைத்திருக்கும் விதை, 20-ஐ மண்ணுக்கும் 20-ஐ நீருக்கும் தருகிறது. நீர் தன் 20-ஐ மண்ணுக்குத் தருகிறது. மண்ணுக்கு 20-உம் 20-உம் சேர்ந்து 40. மண் தன் 40-ஐ விதைக்குத் தருகிறது. கொடுத்ததும் வாங்கியதும் நேராகிவிட்டன. இதற்கு மேல் எத்தனை சுற்று ஓட்டினாலும் இதே எண்கள்தான்.

இங்கே நின்று கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 'மண்'ணை மூன்று பக்கங்கள் சுட்டுகின்றன. 'விதை'யை ஒரே ஒரு பக்கம்தான் சுட்டுகிறது. ஆனாலும் இருவருக்கும் 40. காரணம், விதைக்கு வந்த ஒரே சிபாரிசு ஊரில் பெரிய மனிதரிடமிருந்து, பங்கு பிரியாமல் முழுதாக வந்தது. 'நீர்'க்கும் ஒரே இணைப்புதான். ஆனால் அது பாதிப் பங்கு, அதனால் 20. தலையை எண்ணும் கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள தூரம் இந்த நான்கு பக்கங்களுக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது.

நோக்கமில்லாமல் திரியும் வாசகர்

பேஜும் பிரின்னும் இதை இன்னொரு விதமாகவும் விளக்கினார்கள். ஒரு வாசகர் இணையத்தில் நோக்கமில்லாமல் திரிகிறார். கையில் கிடைத்த பக்கத்தைத் திறக்கிறார். அதில் உள்ள இணைப்புகளில் ஏதோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார். அடுத்த பக்கத்திலும் அப்படியே. இப்படி நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திரிந்தால், அவர் தன் நேரத்தில் எத்தனை பங்கை எந்தப் பக்கத்தில் கழித்திருப்பார்? அந்தப் பங்குதான் அந்தப் பக்கத்தின் மதிப்பு. நம் குட்டி இணையத்தில் அவர் நூறு முறை அழுத்தினால், சுமார் 40 முறை விதையிலும் 40 முறை மண்ணிலும் 20 முறை நீரிலும் இருப்பார். திருவிழாக் கூட்டத்தில் சும்மா தள்ளப்பட்டுப் போகிறவர்கூட அடிக்கடி தேரடிக்கே வந்து சேர்வார் அல்லவா? எல்லாத் தெருவும் அங்கேதான் திரும்புகிறது.

ஆனால் இந்த வாசகருக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, முட்டுச்சந்து. எங்கும் சுட்டாத ஒரு பக்கத்துக்கு, ஒரு படத்துக்கோ வெளி இணைப்பே இல்லாத ஆவணத்துக்கோ, வந்துவிட்டால் அங்கிருந்து நகர வழியில்லை. மதிப்பெண் கணக்கில் பார்த்தால், ஓட்டைப் பானையில் ஊற்றியதுபோல் அங்கே போனதெல்லாம் காணாமல் போகும். இரண்டாவது, கலங்கு இல்லாத ஏரி. இரண்டு பக்கங்கள் தங்களுக்குள்ளே மட்டும் ஒன்றையொன்று சுட்டிக்கொள்கின்றன. வெளியிலிருந்து அவற்றுக்கு ஒரு வாய்க்கால் வருகிறது. வெளியே போக வழியில்லை. சுற்றுக்குச் சுற்று ஊர்த் தண்ணீர் முழுவதும் அங்கேயே தேங்கிவிடும்.

தீர்வு, அந்த வாசகருக்குச் சலிப்பைக் கொடுத்ததுதான். நூற்றுக்கு 85 முறை அவர் பக்கத்தில் உள்ள இணைப்பை அழுத்துவார். மீதி 15 முறை 'போதும்' என்று விட்டுவிட்டு, இணையத்தின் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். சராசரியாக ஆறேழு பக்கத்துக்கு ஒரு தாவல். முட்டுச்சந்தில் மாட்டினால் உடனே தாவிவிடுவார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 0.85 என்ற எண்ணைத்தான் அவர்களின் 1998 கட்டுரை வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவாகக் குறிப்பிடுகிறது.

சலிப்பைச் சேர்த்து நம் கணக்கைத் திரும்பப் போட்டால் மண் 39.4, விதை 37.3, நீர் 19.6, பூச்சி 3.75 என்று ஏறத்தாழ வரும். யாரும் சுட்டாத பூச்சிக்கும் இப்போது உயிர் பிழைக்கும் அளவுக்கு ஏதோ கிடைக்கிறது. மண்ணின் மதிப்பு இப்போது முழுதாக விதைக்குப் போகாததால், மண், விதையை ஒரு நூல் முந்துகிறது.

0.85-க்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கணக்கில் மீதமிருக்கும் பிழை, அதிகபட்சம் முந்தைய பிழையின் 0.85 பங்காகச் சுருங்குகிறது. 50 சுற்று ஓட்டினால் தொடக்கப் பிழையில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதே எண்ணை 0.99 என்று வைத்தால் 50 சுற்றுக்குப் பிறகும் பாதிக்கு மேல் பிழை மிஞ்சியிருக்கக்கூடும். சலிப்பு கூடினால் கணக்கு சீக்கிரம் முடியும், ஆனால் இணைப்புகளின் பேச்சு காதில் விழாது. சலிப்பு குறைந்தால் இணைப்புகள் நன்றாகப் பேசும், ஆனால் கணக்கு முடியாது. 32 கோடியே 20 லட்சம் இணைப்புகள் கொண்ட தங்கள் திரட்டில் சுமார் 52 சுற்றுகளில் எண்கள் போதிய அளவுக்கு நிலைத்துவிட்டதாக அவர்கள் எழுதினார்கள். 2 கோடியே 60 லட்சம் பக்கங்களுக்கான கணக்கை நடுத்தரமான ஒரு கணினி சில மணி நேரத்தில் முடித்துவிட்டது.

இப்படி ஓட்டினால் ஒரே ஒரு விடைதான் வரும், எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அது கணிதத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1907-இல் ஆஸ்கர் பெரோனும் 1912-இல் ஜார்ஜ் ஃப்ரோபீனியஸும் நிறுவிய தேற்றம், இந்த வகை எண் அடுக்குகளுக்கு இப்படியொரு நிலையான பங்கீடு உண்டு என்று சொல்கிறது. இணையம் என்ற ஒன்றை யாரும் கனவிலும் காணாத காலத்தில் எழுதிய கணிதம்.

தேடலில் இது எங்கே வருகிறது

பேஜ்ரேங்க், நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை. அது முன்கூட்டியே ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்கிட்டு வைத்த ஓர் எண். நீங்கள் 'தக்காளிச் செடியில் இலைச்சுருட்டை' என்று தேடினால், முதலில் சொல்லடைவு தொடர்புடைய பக்கங்களைப் பொறுக்கித் தரும். சொல் எங்கே, எப்படி வருகிறது என்ற பழைய கணக்கும் இருக்கும். அதோடு இந்த எண்ணும் சேர்ந்து வரிசை உருவாகும். மதிப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தக்காளியைப் பற்றிப் பேசாத பக்கம் வராது.

இணைப்பிலிருந்து இன்னொரு உதவியும் கிடைத்தது. இணைப்பாக இருக்கும் சொற்கள், அதாவது நாம் அழுத்துகிற நீல எழுத்துகள், போய்ச் சேரும் பக்கத்தைப் பற்றி வெளியார் தரும் விவரணை. ஒரு பக்கத்தில் வெறும் படம்தான் இருக்கிறது. ஆனால் ஐம்பது பேர் 'செம்பருத்திப் பூ' என்று எழுதி அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். படத்தைப் பார்க்கத் தெரியாத கணினிக்கும் அது என்னவென்று தெரிந்துவிடும். அந்த 1998 கட்டுரையில், 2 கோடியே 40 லட்சம் பக்கங்களிலிருந்து 25 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புச் சொற்களைத் திரட்டி அடைவில் சேர்த்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இதே காலத்தில் இதே திசையில் யோசித்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஜான் கிளைன்பெர்க் இரண்டு வகைப் பெருமை உண்டு என்றார்: விஷயம் தெரிந்த பக்கம் ஒன்று, விஷயம் தெரிந்தவர் யார் என்று தெரிந்த பக்கம் இன்னொன்று. நல்ல கார் கம்பெனிகளைத் தேடுகிறீர்கள். ஒரு கார் கம்பெனி தன் போட்டியாளருக்கு இணைப்புக் கொடுக்குமா? கொடுக்காது. ஆனால் கார் பிரியர் ஒருவர் போட்ட பட்டியல் எல்லாக் கம்பெனிகளையும் சுட்டும். நல்ல பட்டியல் என்பது நல்ல பக்கங்களைச் சுட்டுவது. நல்ல பக்கம் என்பது நல்ல பட்டியல்கள் சுட்டுவது. இதுவும் ஒரு சுழல். இதையும் சுற்றுச் சுற்றாக ஓட்டித்தான் அவிழ்க்க வேண்டும். பின்னாளில் சீனாவில் பைடு நிறுவனத்தைத் தொடங்கிய ராபின் லீ, 1996-லேயே இணைப்புகளை வைத்துப் பக்கங்களை வரிசைப்படுத்தும் ஒரு தேடுபொறியை அமெரிக்காவில் உருவாக்கியிருந்தார்.

பேஜ்ரேங்கின் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்காக கூகுள் கொடுத்த பங்குகளை 2005-இல் பல்கலைக்கழகம் சுமார் 33 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றது.

மொய்க்கு மொய்

இதுவரை சொன்ன கணக்கு நன்றாக வேலை செய்ததற்கு ஒரு காரணம் உண்டு; அது சூத்திரத்தில் எழுதப்படாத காரணம். 1996-இல் இணைப்புக் கொடுத்தவர்களுக்குத் தங்கள் இணைப்பை யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரியாது. அதனால் அவர்கள் கை காட்டியதில் கள்ளமில்லை. எண்ணுகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து இணைப்புக்கு விலை வந்துவிட்டது.

2000-இல் கூகுள், உலாவியில் பொருத்திக்கொள்ளும் ஒரு பட்டையை வெளியிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பேஜ்ரேங்க் 0 முதல் 10-க்குள் ஓர் எண்ணாக அதில் தெரியும். சந்தைக்கு இதைவிட வசதி வேண்டுமா? '6 மதிப்புள்ள பக்கத்திலிருந்து ஓர் இணைப்பு, இன்ன விலை' என்று பேரம் நடந்தது. நீ எனக்குக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன் என்ற பரிமாற்றமும் பெருகியது. மொய் நோட்டு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. விருந்தாளி எழுதிய தொகை அன்பின் அளவா, திரும்பி வர வேண்டிய கடனா என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாசகர் கருத்துப் பகுதிகளில் தானியங்கி நிரல்கள் ஆயிரக்கணக்கில் இணைப்புகளைக் கொட்டின. ஒன்றையொன்று சுட்டுவதற்காகவே உருவான வெற்றுத் தளங்கள் பண்ணைகளாக வளர்ந்தன.

விளையாட்டாகவும் செய்தார்கள். 2003-இல் பலர் பேசிவைத்துக்கொண்டு, 'படுதோல்வி' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொற்றொடரை எழுதி, அதற்கு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பை இணைப்பாகக் கொடுத்தார்கள். அந்தச் சொற்றொடரைத் தேடினால் புஷ் முதலில் வந்தார். அந்தப் பக்கத்தில் அப்படியொரு சொற்றொடரே கிடையாது. செம்பருத்திப் படத்தை அடையாளம் காட்டிய அதே உத்தி, அதே வலிமையோடு கேலிக்கும் பயன்பட்டது. 2007 ஜனவரியில்தான் கூகுள் இந்த வகைக் குறும்பைப் பெருமளவு அடக்கியது.

ஒவ்வொரு ஏமாற்றுக்கும் ஒரு மாற்று வந்தது. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியை ஏற்றுக்கொண்டன. ஓர் இணைப்பில் இந்தக் குறி இருந்தால், 'வழியைக் காட்டுகிறேன், ஆனால் இது என் சிபாரிசு அல்ல' என்று பொருள். 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறியைப் போட்டது. ஸ்டான்ஃபோர்டிலும் யாஹூவிலும் இருந்த ஆய்வாளர்கள் 2004-இல் இன்னொரு யோசனை சொன்னார்கள்: நோக்கமில்லாத வாசகர் சலித்துத் தாவும்போது ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவ வேண்டாம், மனிதர்கள் பார்த்து 'நம்பலாம்' என்று சொன்ன சில பக்கங்களுக்கு மட்டும் தாவட்டும். மதிப்பு அங்கிருந்தே ஊறி வரும். ஏமாற்றுப் பண்ணை அந்த ஊற்றிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் வறண்டு போகும்.

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு விசாரணைக் கட்டுரை வெளியிட்டது. அமெரிக்காவின் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனமான ஜே.சி.பென்னி, உடைகள், படுக்கை விரிப்புகள் என்று பல தேடல்களில் மாதக்கணக்கில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அதற்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் நட்டுவைக்கப்பட்டிருந்தன. தங்களுக்கு இதில் பங்கில்லை என்று நிறுவனம் சொன்னது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும் முதலிடத்தில் இருந்த பக்கங்கள் பல பக்கம் பின்னே போய் விழுந்தன. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற பெயரில் வந்த மாற்றம், விலைக்கு வாங்கிய இணைப்புகளால் உயர்ந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016-இல் அதைத் திருத்தி, அப்படிப்பட்ட இணைப்புகளைக் கண்டால் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும்படி செய்தார்கள். அதே ஆண்டில் பட்டையில் தெரிந்த 0 முதல் 10 எண்ணும் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைந்தது.

இணைப்புக்குத் தெரியாதவை

ஏமாற்று இல்லாவிட்டாலும் இந்த அளவைக்கு எல்லைகள் உண்டு. இணைப்புக்குப் புகழ்ச்சியும் வசையும் ஒன்றுதான். 'இந்தக் கடையில் வாங்காதீர்கள்' என்று எழுதி இணைப்புக் கொடுத்தாலும் அது ஓட்டாகவே விழக்கூடும். 2010-இல் மூக்குக்கண்ணாடி விற்ற ஒரு இணையக் கடைக்காரர், வாடிக்கையாளர்களின் புகார்கள்தான் தன்னைத் தேடலில் உயர்த்துகின்றன என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் பெருமையாகச் சொன்னார். சில நாட்களிலேயே கூகுள், வாடிக்கையாளர்களை மோசமாக நடத்தும் கடைகளைக் கீழிறக்கும்படி தன் வழிமுறையை மாற்றியதாக அறிவித்தது.

புதிதாக வந்தவருக்கும் இணைப்பு உதவாது. நேற்று எழுதிய நல்ல பக்கத்தை இன்னும் யாரும் சுட்டியிருக்க மாட்டார்கள். சுட்டாததால் தேடலில் வராது. வராததால் யாரும் பார்த்துச் சுட்ட மாட்டார்கள். ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும். எழுதுவோர் குறைவான மொழிகளில் இது இன்னும் கடுமை. சுட்டிக் கொடுக்கவே ஆள் குறைவாக இருக்கும்போது, இணைப்பு என்ற சாட்சி பலவீனமாகத்தான் இருக்கும்.

அதனால்தான் இன்றைய தேடுபொறி இணைப்பை மட்டும் நம்பி இருப்பதில்லை. பக்கத்தின் பொருள், மொழி, எப்போது எழுதியது, தேடுகிறவர் இருக்கும் இடம் என்று பல சைகைகளை ஒன்றாகப் பார்க்கிறது. பேஜ்ரேங்க் வெகுவாக மாறிவிட்டாலும் இன்னும் தன் முக்கிய அமைப்புகளில் ஒன்றாக இருக்கிறது என்றுதான் கூகுள் தன் வழிகாட்டியில் சொல்கிறது. ஆனால் அன்றிருந்த ஒற்றை அதிகாரம் அதற்கு இப்போது இல்லை.

கணக்கோ இணையத்தைத் தாண்டிப் போய்விட்டது. எந்த உயிரினம் அழிந்தால் உணவு வலை அதிகம் சிதையும் என்று பார்க்க 2009-இல் இரண்டு சூழலியல் ஆய்வாளர்கள் இதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். அறிவியல் இதழ்களின் செல்வாக்கை அளக்கவும் இப்போது இதுபோன்ற கணக்குகள் உண்டு. அடிக்குறிப்பிலிருந்து கிளம்பிய யோசனை, இணையத்தைச் சுற்றிவிட்டு அடிக்குறிப்புக்கே திரும்பிவிட்டது.

உங்களுக்கு ஒரு தளம் இருந்தால்

இணைப்பை விலைக்கு வாங்காதீர்கள். பணம் போவதோடு, பிடிபட்டால் இருக்கிற இடமும் போகும். உங்கள் தளத்துக்குள்ளேயே பக்கங்களை ஒன்றோடொன்று பொருத்தமாக இணையுங்கள். நம் கணக்கில் வந்த 'பூச்சி'போல் எந்தப் பக்கமும் யாரும் சுட்டாமல் கிடக்க வேண்டாம். 'இங்கே அழுத்தவும்' என்று எழுதி இணைப்புக் கொடுக்காமல், போய்ச் சேரும் பக்கம் எதைப் பற்றியது என்ற சொற்களையே இணைப்பாக்குங்கள். வாசகருக்கும் நல்லது, தேடுபொறிக்கும் புரியும்.

தேடுகிறவராக மட்டும் இருந்தால் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். முதலில் வருவது, பலர் கை காட்டியது. அது உண்மையானது என்று யாரும் சான்று தரவில்லை. கை காட்டியவர்கள் வாசகருக்கு உதவக் காட்டினார்களா, எண்ணுகிறார்கள் என்று தெரிந்து காட்டினார்களா என்பதைப் பிரித்தறிவதுதான் இன்று தேடுபொறியின் பெரும்பாடு. 1997-இல் தேடுபொறிகளுக்குத் தங்கள் வீட்டு வாசல் தெரியவில்லை. இன்று ஒவ்வொரு வீட்டு வாசலும் தேடுபொறி வரும் திசையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.